அணையில் அளந்த கடல்

மார்கழி மாதத்து விடியற்காலை. கிருஷ்ணகிரி அணையின் கரையோரம் ஒரு பாறைமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டுகிறது. எனக்கு முன்னால் பாறைச் சரிவின் விளிம்பில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, சணல் கயிற்றில் கட்டிய ஒரு பால்பவுடர் டப்பாவை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறார் முனியப்பன் மேஸ்திரி. டப்பாவுக்குள் ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது.

ஆழத்துத் தண்ணீர் டப்பாவோடு மேலே வர வேண்டும், தெர்மாமீட்டர் அதற்குள்ளேயே இருக்க வேண்டும், அப்போதுதான் அளவு மாறாது. இந்த யோசனை என்னுடையது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

டப்பா மேலே வந்தது. குனிந்து படித்தேன். பாரன்ஹீட்டில் எழுபத்திரண்டு. மேஸ்திரி டப்பாவுக்குள் வலது கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சில்லுனுதாங்க சார் இருக்குது" என்றார்.

நான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அன்று மாலை அந்த எண்ணை ஒரு படிவத்தில் ஏற்றினேன். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே இருந்த தலைப்பு 'கடல் நீரின் வெப்பநிலை'.

சிரிப்பு வருகிறதல்லவா? நானும் நண்பர்களிடம் இதை இந்த இடம் வரைக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இதற்கு மேல் நடந்ததை ஒரே ஒரு பாதிரியாரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மேஸ்திரி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆள் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறாயா என்று நீங்கள் கேட்டால், ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

பாகலூர் சாலை ஷெட்

மாநிலத்துக்குப் புதுப் பெயர் வந்ததற்கு ஒரு வருஷம் முன்போ பின்போ, சரியாக நினைவில்லை. ஓசூர் அப்போது தர்மபுரி ஜில்லாவில் இருந்தது. இன்று நீங்கள் பார்க்கிற தொழிற்பேட்டையெல்லாம் அன்று கேழ்வரகுக் காடு.

பாகலூர் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். பதினோரு பேர் வேலை. பால் குளிர வைக்கும் தொட்டியும் ஐஸ் பெட்டியும் செய்வோம். முதலாளி வெங்கடசாமி. வீட்டில் தெலுங்கு, பெங்களூர் வியாபாரிகளிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ் பேசுவார். அந்த ஷெட்டில் எல்லோருமே அப்படித்தான், ஒரு ஸ்பேனர் கேட்பதற்குள் மூன்று பாஷை வந்து போகும்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். சேலத்தில் டிப்ளமா முடித்துவிட்டு வந்து சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஷெட்டில் கணக்குப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் என்னைவிட இருபது வயது மூத்த மேஸ்திரிகூட என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். கூச்சமாக இருந்தது ஒரு மாதம். அப்புறம் பழகிவிட்டது, பிறகு பிடித்தும் போய்விட்டது.

முனியப்பன் மேஸ்திரிக்கு ஊர் கல்லாவி. வாரக் கடைசியில் ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகத் திரும்புவார். நானும் திங்கட்கிழமைதான் வீட்டிலிருந்து திரும்புவேன். அப்படி ஒரு வாரம் அவரை ஞாயிறு மாலையே எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, விடிந்ததும் என் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து அணைக்கு அழைத்துப் போனேன்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செம்புக் குழாயைப் பற்ற வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓடுகிற மெஷினில் குளிர்விக்கும் கேஸ் போகிற குழாயை வலது கையால் ஒரு பிடி பிடித்துவிட்டு, "கேஸ் கொறவா இருக்குதுங்க" என்பார். மீட்டர் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

மூன்று டன்

கொச்சிப் பக்கத்து கம்பெனி ஒன்று தன் விருந்தாளிகளுக்காக ஒரு படகு கட்டிக்கொண்டிருந்தது. நாலு அறை. நாலுக்கும் ஏர்கண்டிஷன் வேண்டும். பெங்களூரில் கேட்டுப் பார்த்து, யாரும் கை வைக்காமல், எப்படியோ எங்கள் முதலாளியிடம் வந்து சேர்ந்தது. பால் தொட்டிக்குக் குளிர்ந்த தண்ணீர் ஓட்டுகிறவர்கள் படகு அறைக்கும் அதையே ஓட்டலாமே என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

யோசனை தப்பில்லை. படகு ஆடும், குலுங்கும். கேஸ் குழாயை அறை அறையாக இழுத்தால் எங்காவது விரிசல் விடும். அதற்குப் பதில் மெஷினைக் கீழே ஓரிடத்தில் வைத்துத் தண்ணீரைக் குளிர வைத்து, அந்தத் தண்ணீரை அறைகளுக்கு அனுப்பலாம். அறையில் ஒரு சுருள் குழாய், அதன் பின்னால் ஒரு சின்ன விசிறி. தண்ணீர் ஒழுகினால் துடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி ஒன்றுதான். மெஷின் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்?

நான் மூன்று வாரம் அந்தக் கணக்கைப் போட்டேன். மேல்தளத்தில் விழும் வெயில், கண்ணாடி ஜன்னல், சுவருக்குப் பின்னால் இருக்கும் எஞ்சின், விளக்குகள், எத்தனை பேர் தூங்குவார்கள், எத்தனை பேர் விழித்திருந்து பேசுவார்கள். தூங்குகிறவனைவிடப் பேசுகிறவன் அதிக வெப்பம் விடுவான். சமையல்காரனின் அடுப்பைக்கூட நான் விடவில்லை. காலையில் ஒரு பக்கத்து அறைகளில் வெயில் அடித்தால் மறுபக்கத்தில் அடிக்காது, ஆகவே நாலையும் அப்படியே கூட்டக் கூடாது என்று கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடை மூன்று டன் என்று வந்தது. முதலாளியிடம் சொன்னேன். மூன்று டன் எடையை நம் வேன் தாங்காதே, லாரி வைக்க வேண்டுமே என்று அவர் கவலைப்பட்டார். ஐஸ் பெட்டி செய்கிற ஷெட்டுக்கே முதலாளி, அவருக்கே அப்படி. ஒரு டன் ஐஸ்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதைத்தான் இந்தத் தொழிலில் ஒரு டன் என்பது என்று விளக்கினேன். இரண்டு நாள் ஷெட்டில் என்னை 'ஐஸ்கட்டி சார்' என்று கூப்பிட்டார்கள்.

அறைக் கணக்கில் நான் எதையும் விட்டுவிடவில்லை. இன்று எடுத்துப் பார்த்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். அதுதான் வயிற்றெரிச்சல்.

காலியாக இருந்த கட்டம்

ஏர்கண்டிஷன் என்பது குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டுபோய் வெளியே கொட்டுவது, அவ்வளவுதான். வீட்டில் என்றால் காற்றில் கொட்டுவோம். படகில் கடலில் கொட்ட வேண்டும். கடல் தண்ணீரை பம்ப் வைத்து இழுத்து, கண்டென்சர் என்கிற உருளைக்குள் விட்டு, வெப்பத்தை ஏற்றித் திருப்பிக் கடலிலேயே விடுவார்கள்.

உள்ளே வரும் கடல் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் சின்ன கண்டென்சர் போதும். வெதுவெதுப்பாக இருந்தால் பெரிசு வேண்டும். அதனால்தான் நாங்கள் அனுப்பிய படிவத்தில் அந்தக் கட்டம். கொச்சிக்காரர்கள் மற்ற எல்லாவற்றையும் நிரப்பி அதை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

என் கையில் இருந்த கண்டென்சர் புத்தகத்தில் உள்ளே வரும் தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்ப மூன்று பத்திகள் இருந்தன. அறுபத்தைந்து, எழுபத்தைந்து, எண்பத்தைந்து. எழுபத்தைந்துக்கு உரிய கண்டென்சர் படகின் தரைக்குக் கீழே அவர்கள் காட்டியிருந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. எண்பத்தைந்துக்கு உரியது உட்காரவில்லை. ஒரு சாண் நீளம் அதிகம்.

எனக்கு எந்த எண் வேண்டும் என்பது அணைக்குப் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் அன்று நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. நான் கடலைப் பார்த்ததே இல்லை. முதலாளி பார்த்ததில்லை, மேஸ்திரி பார்த்ததில்லை. மூவாயிரம் அடி உயரத்தில், மே மாதத்திலும் போர்த்திக்கொண்டு தூங்கும் ஊரில் இருந்தோம். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் என்றால் கிணறு, ஏரி, அணை. எல்லாம் கை வைத்தால் சில்லென்று இருக்கும். கடல் இவற்றைவிடப் பெரிசு, ஆழம். அப்படியானால் இன்னும் குளிர்ச்சியாகத்தானே இருக்க வேண்டும் என்று நம்பினேன். அணை எழுபத்திரண்டு காட்டியது. எழுபத்தைந்துக்கு உரிய கண்டென்சரைப் போட்டால் மூன்று டிகிரி கையிருப்பு வேறு.

ஷெட்டில் கடலைப் பார்த்த ஆள் ஒருவர் இருந்தார். டைப்பிஸ்ட் பிலோமினா. தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை கிராமம். அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை, அதனால் இந்தப் பக்கம் வந்தவர். அவர் பேசுகிற தமிழைக் கேட்டு ஷெட்டில் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரித்துவிட்டுப் போவார்.

நான் கொடுத்த படிவத்தை எங்கள் ஃபைலுக்காக அவர்தான் டைப் அடித்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"சார், கடத்தண்ணி இப்படிக் குளுராது. வெதுவெதுன்னுல்லா இருக்கும். சித்திரையில காலு வச்சா சுடும்."

கரை ஓரத்தில் அப்படி இருக்கும், ஆழத்தில் இருக்காது என்று சொன்னேன். எந்த ஆதாரமும் இல்லாமல், அவ்வளவு நிச்சயமாக. அவர் நகரவில்லை. நான் அளந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், நீங்கள் அடியுங்கள் என்றேன். எங்கே அளந்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அவர் போய் எழுபத்திரண்டு என்று அடித்தார்.

ஷெட்டில் நடந்த பரீட்சை

தை மாதக் கடைசியில் மெஷின் தயார். ஷெட்டின் மூலையில் பலகை அடித்து, படகு அறை அளவுக்கு நாலு அறை கட்டினோம். மனிதர்களுக்குப் பதில் பல்புகள், வெயிலுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டிகள். ஊரில் இருந்த இரண்டு சலவைக் கடைகளிலும் ஒரு நாள் வாடகைக்கு இஸ்திரிப் பெட்டி எடுத்துவிட்டோம்.

கடல் தண்ணீருக்குப் பதில் ஷெட்டுக் கிணற்றுத் தண்ணீர். அது எழுபது இருக்கும்.

கொச்சியிலிருந்து கம்பெனி பிரதிநிதி ஒருவர் வந்தார். மெல்லிய சட்டை போட்டு வந்த மனிதர். பலகை அறைக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து டீ கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மெஷின் காலையிலிருந்து மாலை வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மேஸ்திரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த மெஷினை எங்கே கொண்டு வைத்தாலும் ஓடும், இனி இதைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது என்றார். என்னைவிட அவர்தான் அந்தக் கணக்கை முழுசாக நம்பினார். எழுதத் தெரியாதவர் எழுதப்பட்டதை நம்புகிற விதம் வேறு.

நாலு வார்த்தைத் தந்தி

சித்திரையில் மெஷினோடு மேஸ்திரி மட்டும் கொச்சிக்குப் போனார். நானும் போயிருக்க வேண்டும். வேறொரு பால் தொட்டி வேலை என்று தங்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் பொருத்திவிட்டார். அடுத்த நாள் அங்கிருந்து தந்தி வந்தது. மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நின்றுபோகிறது, பிரஷர் ஏறுகிறது, என்ன செய்ய, வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகள் படகைப் பார்க்க வருகிறார்கள். மேஸ்திரி அந்த ஊர்க்காரர் யாரையோ பிடித்து எழுத வைத்து அனுப்பியிருந்தார்.

விஷயம் என்னவென்றால், குழாயில் கேஸின் அழுத்தம் எல்லை மீறினால் மெஷினைத் தானாக நிறுத்துவதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. உயிர் காக்கிற சுவிட்ச் அது. கண்டென்சருக்குள் வருகிற தண்ணீர் சூடாக இருந்தால் கேஸின் வெப்பம் இறங்காது, அழுத்தம் ஏறும், சுவிட்ச் நிறுத்தும். சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

அந்தத் தந்தியைப் படித்தபோது எனக்குப் பிலோமினா சொன்னது நினைவுக்கு வந்தது. வராமல் இருக்குமா? வந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். நிமிர்ந்து பார்த்தேன், அவர் டைப்ரைட்டரில் குனிந்திருந்தார். அந்த மேஜைக்குப் போய், நீங்கள் சொன்னதுதான் சரியோ என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

லாரியில் குலுங்கிப் போனதில் சுவிட்சின் அளவு மாறியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியும் நடக்கும்தான். தபாலாபீசுக்குப் போய் இங்கிலீஷில் நாலு வார்த்தை கொடுத்தேன். தமிழில் சொன்னால், 'கணக்கு சரி. சுவிட்சைக் கவனி.'

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரி அந்த சுவிட்சின் இரண்டு முனைகளையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். இனி அது மெஷினை நிறுத்தாது. அதிகாரிகள் வந்து போகிற வரைக்கும் ஓடினால் போதும், பிறகு புது சுவிட்ச் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மேலே அறைகளில் அதிகாரிகள் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்களாம். கீழே எஞ்சின் அறையில் மேஸ்திரி வழக்கம்போலக் குழாயைப் பிடித்துப் பார்க்கக் குனிந்திருக்கிறார். மீட்டருக்குப் போகிற மெல்லிய குழாயின் இணைப்பு அப்போது பிய்த்துக்கொண்டது. திரவமாக இருந்த கேஸ் அப்படியே அவர் வலது கையிலும் வலது கண்ணிலும் பீச்சியடித்தது. அது சுடாது, உறைய வைக்கும். நெருப்புப் பட்டதைவிட மோசம்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கண்ணும் போயிற்று.

பிலோமினா கேட்டது

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மூன்று கேள்விகள். அறைகளின் வெப்பக் கணக்கு என்ன? கடல் நீரின் வெப்பநிலை எவ்வளவு என்று எடுத்துக்கொண்டீர்கள்? பாதுகாப்பு சுவிட்சைக் கட்டியது யார்?

முதலாளி கடிதத்தை என் முன் வைத்தார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. மெஷின் தப்பா, ஆள் தப்பா என்று கேட்டார். மெஷின் தப்பு என்றால் ஷெட் பொறுப்பு, மேஸ்திரிக்கு வாழ்நாள் முழுக்க ஏதாவது செய்தாக வேண்டும், அதை நான் செய்கிறேன், உள்ளதைச் சொல் என்றார். நல்ல மனுஷன். ஆள் தப்பு என்றால் மேஸ்திரிக்கு ஒன்றும் கிடையாது, பெயரும் போய்விடும். அவ்வளவும் என் வாயில் இருந்தது.

மெஷின் உங்கள் முன்னால்தானே நாள் முழுக்க ஓடியது என்றேன். இது பொய்யில்லை. மேஸ்திரி சுவிட்சைக் கட்டியிருக்கக் கூடாது என்றேன். இதுவும் பொய்யில்லை.

பதில் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல பிலோமினா டைப் அடித்தார். முதல் கேள்விக்கு ஒரு பக்கம் அடித்தோம். அடுத்து நான் மூன்றாவது கேள்விக்குப் போனேன். அவர் கை நின்றது.

"ரெண்டாவது இருக்கே சார். எழுபத்திரெண்டுன்னே போடட்டா?"

"அது வேண்டாம். அடுத்ததுக்குப் போங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. சந்தையில் அழுகின காயைத் திருப்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு அடித்தார். அதற்குப் பிறகு அவர் ஷெட்டில் இருந்த ஒரு வருஷமும் வேலை சம்பந்தமாக அன்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி ஊருக்குப் போன அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், என் மேஜைப் பக்கம் வரவில்லை.

கம்பெனிக்காரர்கள் இரண்டாவது கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டது அவர்கள்தான். தோண்டினால் அவர்கள் ஆளும் மாட்டுவான். சுவிட்சைக் கட்டிய மெக்கானிக் என்று ஒருவர் கிடைத்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வசதி. நான் அடுத்த அளவு கண்டென்சர் ஒன்றை, கூடுதல் பாதுகாப்புக்கு என்று எழுதி, செய்து அனுப்பினேன். தரைப் பலகையை ஒரு சாண் வெட்டிப் பொருத்திக்கொண்டார்கள். படகு நன்றாக ஓடியதாகக் கேள்வி.

ஓசூரிலிருந்து பெங்களூர் வரைக்கும் ஒரு ஷெட் பாக்கியில்லாமல் செய்தி பரவியது. சுவிட்சைக் கட்டிய முனியப்பன். இரண்டு விரல் மிச்சமிருந்த கையை வைத்துக்கொண்டு அவர் ஏதாவது செய்திருப்பார். மேற்பார்வைக்காவது ஆகியிருப்பார். யாரும் சேர்க்கவில்லை.

கல்லாவிக்குப் போனது

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் குடும்பம். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் எங்கள் அம்மா விடமாட்டாள். அடுத்த வருஷத் தவக்காலத்தில், கோபப்பட்டேன், பூசைக்குப் போகவில்லை என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிக்கொண்டே வந்தவன் திடீரென்று இதையும் சொல்லிவிட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

"என்கிட்ட சொன்னா முடிஞ்சுதாப்பா? அந்த ஆளுகிட்டப் போய்ச் சொல்லு. உன் முதலாளிகிட்டயும் சொல்லு."

முதலில் மேஸ்திரியிடம் சொல்வது, பிறகு முதலாளியிடம் சொல்வது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி நெடுக மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். அணையில் அளந்தது, பிலோமினா சொன்னது, தந்தி, கடிதம். ஒன்றையும் விடக் கூடாது. ஊத்தங்கரையில் பஸ் மாறும்போது ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன்.

கல்லாவியில் அவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, இடது கையால் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு முழு முகத்தையும் திருப்பிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்ததும் பதறி எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையைச் சுற்றி மறைத்துக்கொண்டார்.

அவர் மனைவி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். கண்ணெடுக்காமல் என்னையே பார்த்தார். நான் பழத்தைக் கொடுத்தேன். தண்ணீர் குடித்தேன். மழை இல்லாததைப் பற்றிப் பேசினோம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேஸ்திரி, அந்தப் படகுக் கணக்கு விஷயமா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை.

"அதைப் பத்தி நானே ஓசூர் வந்து உங்களப் பாக்கணும்னு இருந்தனுங்க சார். மொகத்துல முழிக்கத் தைரியம் வல்ல. அங்க கடல்ல கைய வச்சன், தண்ணி சூடா இருந்துது. அணைத் தண்ணியாட்டம் இல்ல. செரி, சாருக்குத் தெரியாததா, அதெல்லாம் கணக்குல வந்திருக்கும்னு வுட்டுட்டன். தந்தியிலகூட நீங்க சுவிட்சக் கவனின்னுதான் சொன்னீங்க. கட்டுன்னு சொல்லல. நாந்தான் அவசரப்பட்டுக் கட்டிட்டன். அத்தினி நாளு ஒக்காந்து நீங்க போட்ட கணக்க நாலு பேரு சந்தேகமாப் பேசற மாதிரி பண்ணிட்டன். உங்க பேரக் கெடுத்துட்டன். மன்னிச்சுக்கணுங்க சார்."

சொல்லும்போது அவர் நின்றுகொண்டே இருந்தார். கைகூப்பப் பார்த்தார், துண்டு சுற்றிய கை இடது கையோடு சரியாகச் சேரவில்லை.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம் போதும். தப்பு என்னுடையது மேஸ்திரி. பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். அவர் எனக்காகவே வழி விட்டு நின்ற மாதிரி இருந்தது. எனக்கோ, சொல்லாமலே போய்விடலாம் என்பது மட்டும்தான் அப்போது புரிந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அந்த இறங்கின சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"பரவாயில்லை மேஸ்திரி. விடுங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மிச்சமிருந்த கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கதவோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்து, "சார் மன்னிச்சுட்டாரு" என்றார்.

அந்த அம்மாள் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சாப்பிடாமல் போகக் கூடாது என்று இருவரும் சொன்னார்கள். சாப்பிட்டேன். மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். முதலாளியிடம் எதுவும் சொல்லவில்லை.